மாதத்தில் இரண்டு நாள் வீரர், மற்ற நாள்களில் நகைச்சுவை எழுத்தாளர்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, நான் இராணுவ ரிசர்வ் படையில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். வார நாள்களில் கணக்கு அலுவலகத்தில் வேலை; மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரண்டு வாரங்களும் பயிற்சி. நகைச்சுவைக் காட்சிகள் எழுதுவதைத் தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. படையில் இருந்துகொண்டே தொடங்கலாமா, ஒப்பந்தக் காலம் முடியும்வரை பொறுத்திருக்க வேண்டுமா? அங்கே நடப்பவற்றை எழுதினால் சிக்கல் வருமா? நான் எழுதிய காட்சி ஒன்றை இணைத்திருக்கிறேன். தயவு தாட்சண்யமின்றிக் குறை சொல்லுங்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: பொறுத்திருக்க வேண்டியதில்லை. இன்னும் சொல்லப்போனால், முழுநேர வீரருக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. அவருக்கு முகாமே உலகம் என்பதால் அங்குள்ள விந்தைகள் சில மாதங்களில் பழகிப்போய்விடும். நீங்களோ மாதந்தோறும் வெளியிலிருந்து உள்ளே போய், உள்ளேயிருந்து வெளியே வருகிறீர்கள். வெள்ளிக்கிழமை மாலை வாடிக்கையாளரிடம் ஒரு ரசீதுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தவர், சனிக்கிழமை காலை ஒற்றைச் சொல் கட்டளைக்கு நாற்பது பேரோடு சேர்ந்து திரும்புகிறார். திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டதும் தன்னையறியாமல் விறைத்து நிற்கிறார். முகாமில் இவர் பாதி அலுவலகக்காரர், அலுவலகத்தில் பாதிப் பட்டாளத்துக்காரர். இரண்டு இடங்களிலும் முழுதாகப் பொருந்தாத இந்த நிலைதான் நீங்கள் எழுத வேண்டிய பொருள்.

இதற்கு நல்ல சான்று பிரிட்டனில் இருக்கிறது. 1940-இல் ஜெர்மானியப் படையெடுப்பு அச்சத்தின்போது, பகலில் வேலைக்குப் போகும் ஆண்களைக் கொண்டு ஹோம் கார்டு என்ற உள்நாட்டுக் காவல் படையை அந்நாடு திரட்டியது. பதின்வயதில் அதில் சேர்ந்திருந்த ஜிம்மி பெரி, பிற்பாடு நடிகராக இருந்த காலத்தில் அந்த நினைவுகளை வைத்து ஒரு தொடரைக் கருக்கொண்டு, டேவிட் கிராஃப்ட் என்பவரோடு சேர்ந்து எழுதினார். ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற பெயரில் பிபிசியில் 1968 முதல் 1977 வரை 80 பகுதிகள் ஒளிபரப்பாயின. அதன் அடித்தளத்தைக் கவனியுங்கள்: வங்கி மேலாளர்தான் கேப்டன், அதே வங்கியின் தலைமை எழுத்தர் சார்ஜென்ட், கடைநிலை ஊழியரான இளைஞன் சிப்பாய். அதிலும் அந்த எழுத்தர் மேலாளரைவிட உயர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். மேலாளருக்கு அது உள்ளூர உறுத்திக்கொண்டே இருக்கும். துப்பாக்கிச் சத்தம் எதுவும் தேவைப்படாமலே, வேலையிடத்து வரிசையும் படைவரிசையும் சமூக வரிசையும் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதிலேயே ஒன்பது பருவங்கள் ஓடின. உங்கள் பிரிவிலும், அலுவலகத்தில் ஒருவருக்குக் கீழே வேலை செய்துகொண்டு முகாமில் அவருக்கே கட்டளையிடுபவர் ஒருவராவது இருப்பார்.

இனி உங்கள் காட்சிக்கு வருகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் பதினொரு இராணுவச் சுருக்கப் பெயர்கள் இருக்கின்றன; நான் எண்ணிப் பார்த்தேன். உங்கள் பிரிவு நண்பர்கள் படித்துச் சிரித்திருப்பார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அவர்கள் காட்சியைப் படித்துச் சிரிக்கவில்லை, நடந்ததை நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். வெளியாள் சிரிக்க வேண்டுமானால், முகாம் வழக்கத்தை ஒரே வரியில் புரியவைத்துவிட்டு உடனே மனிதர்களிடம் போய்விட வேண்டும். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த அணிவகுப்பு நேர விவகாரம் இதற்கு மிகவும் பொருத்தமானது. தளபதி எட்டு மணிக்கு வரச்சொல்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு படியிலும் ஒருவர் கால் மணி நேரத்தை முன்னால் தள்ள, ஐந்து படி இறங்குவதற்குள் சிப்பாய் ஆறே முக்காலுக்கு மைதானத்தில் நிற்கிறார். இதற்கு இராணுவ அறிவு எதுவும் வேண்டாம். பெரிய குடும்பத்தோடு ரயிலுக்குக் கிளம்பிய எவருக்கும் இது புரியும். அதை மூன்று வரியில் முடித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த பையன் பூட்ஸ் கயிற்றை மாற்றிக் கட்டியதற்கு இரண்டு பக்கம் செலவழித்திருக்கிறீர்கள்.

அந்தப் பையன் பகுதியில் எனக்கு வேறொரு குறையும் உண்டு. நகை பிறக்கும் இடங்கள் எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (கேட்டதை அப்படியே நம்பிவிடுதல்) என நான்கு என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. உங்கள் காட்சி முழுவதும் முதலாவதிலேயே நின்றுவிட்டது. அதுவும் திருப்பி எதுவும் சொல்ல முடியாத, வரிசையின் கடைசியில் நிற்கும் ஒருவனை எள்ளுகிறது. அந்தப் பேதைமையைக் கதைசொல்லியான உங்கள் மேல் ஏற்றிப் பாருங்கள். ஆறு ஆண்டு அனுபவம் பேசுகிற நீங்கள், பையனுக்குக் கயிறு கட்டக் கற்றுக்கொடுக்கப் போய், உங்கள் கயிறும் தவறாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தளபதிக்கு முன்னால் அறிந்துகொள்ளட்டும். அதே கயிறுதான், ஆனால் இப்போது காட்சிக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது.

சிக்கல் வருமா என்ற கேள்விக்கு விடை, என்ன எழுதுகிறீர்கள் என்பதையும் எந்த நாட்டுப் படையில் இருக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. பிரிட்டனில் பாதுகாப்புத் துறை தொடர்பான செய்திகளைப் பொதுவெளியில் பேசவும் வெளியிடவும் படையினர் முன் அனுமதி பெற வேண்டும். அமெரிக்க இராணுவச் சட்டத்தின் 88-ஆவது பிரிவு, அதிபர் உள்ளிட்ட உயர் பதவியினரை இழிவாகப் பேசும், நியமன ஆணை பெற்ற (கமிஷன்டு) அதிகாரிகளைத் தண்டிக்க வழி செய்கிறது. ஆகவே உங்கள் படையின் விதிநூலில் ஊடகத் தொடர்பு பற்றிய பகுதியை முதலில் வாசியுங்கள். பிறகு உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் கேளுங்கள், பதிலையும் எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக ‘எழுதுப்பா, யார் பார்க்கப்போகிறார்கள்’ என்று சொன்னவர், யாராவது பார்த்துவிட்ட பிறகு பெரும்பாலும் இடமாறுதலாகிப் போயிருப்பார். இடம், நாள், ஆள் எண்ணிக்கை, கருவிகளின் திறன், காவல் முறை ஆகியவற்றை அனுமதி கிடைத்தாலும் எழுதாதீர்கள். அவற்றால் எந்த நகைச்சுவையும் மேம்பட்டதில்லை.

அனுமதி இருந்தாலும் முகச்சுளிப்பு வரும் என்பதற்கும் ஆயத்தமாக இருங்கள். 1940-இல் அமெரிக்காவின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டில் சேர்ந்த பில் மால்டின், போர்முனையில் சவரம் செய்யாத, சேறு படிந்த இரண்டு காலாட்படை வீரர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்துவந்தார். வீரர்களை இப்படி அலங்கோலமாகக் காட்டுவதா என்று 1945-இல் ஜெனரல் பேட்டன் அவரை நேரில் வரவழைத்துக் கடிந்துகொண்டார். மால்டின் வரைவதை நிறுத்தவில்லை. அதே ஆண்டில் 23 வயதில் புலிட்சர் பரிசும் பெற்றார். அவருடைய சித்திரங்கள் படைப் பத்திரிகையிலேயே வெளிவந்தன என்பதையும், சாதாரண வீரர்கள் அவற்றில் தங்களைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம். உங்கள் எழுத்தை முதலில் படிக்க வேண்டியவர் உங்களுக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர். அவர் புண்பட்டால், தளபதி சிரித்தாலும் அதை அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: நானும் பகுதிநேர வீரர்தான். திறந்த மேடைகளில் ஐந்து நிமிட நகைச்சுவை நிகழ்த்துகிறேன். சீருடையோடு மேடையேறினால் முதல் வரிக்கு முன்பே கைதட்டல் கிடைக்கும் என்கிறார் நண்பர். செய்யலாமா? புனைபெயர் வைத்துக்கொண்டால் பாதுகாப்பா?

பதில்: சீருடை வேண்டாம். வணிக நோக்கத்துக்காகவோ, பணி நேரத்துக்கு வெளியே செய்யும் சொந்தத் தொழிலிலோ சீருடை அணிவதை அமெரிக்க இராணுவ விதி வெளிப்படையாகத் தடுக்கிறது. உங்கள் படையிலும் இத்தகைய விதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விதியே இல்லாவிட்டாலும், அந்தக் கைதட்டல் உங்கள் நகைச்சுவைக்குக் கிடைத்ததாகாது. மரியாதையோடு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்ட அரங்கைச் சிரிக்கவைப்பது இருமடங்கு கடினம்.

புனைபெயர் உங்கள் அலுவலகத்திலிருந்து உங்களை மறைக்கும், விதியிலிருந்து மறைக்காது. புனைபெயரைவிடப் பயனுள்ள திரை ஒன்று உண்டு. 1916-இல் பெல்ஜியத்தின் ஈப்ரு போர்முனையில், சிதைந்த நகரத்தில் கிடைத்த அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் வீரர்கள் ‘தி வைப்பர்ஸ் டைம்ஸ்’ என்ற பதுங்குகுழிப் பத்திரிகையை நடத்தினார்கள். அந்த ஊர்ப்பெயரை அவர்கள் உச்சரித்த விதமே பத்திரிகையின் பெயரானது. பொய் விளம்பரங்கள், ஆசிரியருக்குக் கடிதங்கள் என்று எல்லோரும் அறிந்த பத்திரிகை வடிவங்களுக்குள் தங்கள் எரிச்சலைப் பொதிந்து வைத்ததால், எந்த அதிகாரியின் பெயரையும் சொல்லாமலே அவர்களால் மேலிடத்தைச் சீண்ட முடிந்தது. உங்கள் அனுபவத்தையும் வீட்டு வாடகை விளம்பரமாகவோ, திருமண அழைப்பாகவோ, பொருள் திருப்பித் தரும் படிவமாகவோ எழுதிப் பாருங்கள்.

கேள்வி: தொடர் ஒன்றுக்கு எழுதும் வாய்ப்பு வந்திருக்கிறது. நடுவில் படையிலிருந்து அழைப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? முன்கூட்டியே சொன்னால் வாய்ப்புப் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: சொல்லிவிடுங்கள். பயிற்சி நாள்கள் முன்னரே தெரிந்தவை. கெடு வைக்கும்போதே அந்த வாரங்களை விலக்கிக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நீண்டகால அழைப்புதான் கவலைக்குரியது. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் பிரிட்டனில் 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் ரிசர்வ் வீரர் திரும்பி வரும்போது அவருடைய பழைய வேலையைக் காக்கின்றன. ஆனால் இவை ஊழியர்களுக்கானவை. தனித்து ஒப்பந்தம் செய்துகொண்டு எழுதுபவரை அமெரிக்கச் சட்டம் காப்பதில்லை. ஆதலால் அழைப்பு வந்தால் பணி நிறுத்திவைக்கப்படும், அதுவரை எழுதியதற்கு ஊதியமும் பெயரும் உண்டு என்ற இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் நீங்களே கேட்டுச் சேர்க்க வேண்டும். அலுவலக வேலையை இப்போதே விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

முடிந்தால் ஒரு கூட்டு எழுத்தாளரைத் தேடிக்கொள்ளுங்கள், படைக்கு வெளியே இருப்பவராக இருந்தால் நல்லது. நீங்கள் இல்லாத வாரங்களில் அவர் வேலையை நகர்த்துவார், நீங்கள் திரும்பி வந்து மூச்சுவிடாமல் ஒரு முகாம் கதையைச் சொல்லி முடித்ததும், “சரி, இதில் எங்கே சிரிக்க வேண்டும்?” என்று கேட்கவும் ஓர் ஆள் இருப்பார்.