பட்டறைப் பதில்கள்: ஸ்பேனர் பிடித்தவன் ரேஸ் அணிக்கு முதலாளி ஆகலாமா?

வயது 23. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் முடித்து, ஐந்து ரோடு பக்கம் ஒரு பட்டறையில் நாலு வருடமாக வேலை. என்றைக்காவது சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ் அணி நடத்த வேண்டும் என்று ஆசை. அப்பாவிடம் சொன்னால் சிரிக்கிறார். அஜித் மாதிரி பணம் இருந்தால்தான் முடியுமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

சிரிக்கட்டும் தம்பி. எங்கப்பா சிரிக்கக்கூட இல்லை. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "அந்தக் காருக்கு டயர் யார் வாங்கறது?" என்று கேட்டார். இப்போது யோசித்தால், இந்தத் தொழிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

அஜித்தும் ஆரம்பத்தில் என்ஃபீல்டில் கொஞ்ச நாள் மெக்கானிக் வேலை பழகியவர்தான். ஆனால் அணிக்கான பணம் சினிமா தந்தது. அந்த வழி உங்களுக்கும் எனக்கும் இல்லை. அவர் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில், 992 ரகப் போர்ஷே கார்களுக்கான பிரிவில் அவர் அணி மூன்றாமிடம் வந்ததே, அந்த போர்ஷேவை ரேஸுக்குத் தயார் செய்து ஓடவிட்டது பாஸ் கூட்டன் ரேசிங் என்ற நெதர்லாந்து அணி. அடுத்தவர் காரைத் தயார் செய்து, ஆட்களோடும் சாமான்களோடும் டிராக்கில் கொண்டுபோய் நிறுத்தி, அதற்குக் கூலி வாங்குவது ஒரு தொழில். மெக்கானிக் முதலாளி ஆகிற வாசல் அதுதான்.

பிற்காலத்தில் மெக்லாரன் ஃபார்முலா 1 அணியை நடத்திய ரான் டென்னிஸ் அந்த வாசல் வழியாகத்தான் போனார். 1966-இல், 18 வயதில், கூப்பர் என்ற ரேஸ் அணியில் மெக்கானிக். 1968-இல் அந்த அணியின் ஓட்டுநர் யோகன் ரின்ட் பிராபம் அணிக்கு மாறியபோது இவரும் கூடவே போனார். 1971-இல் கூட வேலை பார்த்த நீல் டிரண்டிலைச் சேர்த்துக்கொண்டு ரோண்டெல் என்று ஃபார்முலா 2 அணி தொடங்கினார். புதிதாகக் கார் செய்யவில்லை. கை பழகிய பிராபம் காரையே ஓடவிட்டார்கள். உலக சாம்பியன் கிரஹாம் ஹில் அவர்களுக்கு ஓட்ட வந்தார். நேற்றுவரை கூலிக்கு வேலை பார்த்த இரண்டு பையன்களை நம்பி அவர் உட்கார்ந்தார் என்றால், அவர்கள் முடுக்கிய நட்டு கழலாது என்பது அந்த வட்டாரத்துக்கே தெரிந்திருந்தது. 1980-இல் டென்னிஸ் பிறகு தொடங்கிய இன்னொரு அணி மெக்லாரனோடு இணைந்தது. முதல் ஸ்பேனரிலிருந்து அதுவரை 14 வருடம்.

உங்கள் கணக்குக்கு வருவோம். நம்ம சேலத்திலிருந்து கோவை செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக் மூன்று மணி நேரம். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் அதைவிடத் தூரம். ரேஸ் இருக்கிற சனி, ஞாயிறு போங்கள். ஏதாவது ஒரு அணியில் டயர் உருட்டுகிற வேலை கொடுத்தாலும் செய்யுங்கள். அங்கே ஓடுகிற எல்.ஜி.பி. ஃபார்முலா என்ற ஒற்றை சீட் ரேஸ் காரில் இருப்பது சுஸுகியின் 1300 சிசி என்ஜின். உங்கள் பட்டறைக்கு வருகிற வண்டியின் உறவுக்காரன்தான். பயப்பட ஒன்றுமில்லை. வித்தியாசம் பழக்கத்தில் இருக்கிறது. இங்கே போல்ட்டை "கை சொல்லும்" என்று முடுக்குவோம். அங்கே டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர் வைத்து முடுக்கி, தலையில் பெயின்ட்டால் ஒரு கோடு போடுவார்கள். அடுத்து வருபவன் குனிந்து பார்த்தாலே தெரியும், கோடு விலகியிருந்தால் போல்ட் அசைந்திருக்கிறது. ஒவ்வொரு என்ஜினும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டில் இருக்கும். அந்த நோட்டை எழுதுகிற ஆளாக நீங்கள் ஆகிவிட்டால் பாதி முதலாளி.

மீதிப் பாதியில்தான் நான் விழுந்தேன். 90-களின் கடைசியில் பழைய எஸ்டீம் ஒன்றை வாங்கி, உள்ளே ரோல் கேஜ் (கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) அடித்து, ஒரு ரேஸுக்கு இவ்வளவு என்று சீட்டை வாடகைக்கு விட்டேன். ஏழு மாதம் நானும் ரேஸ் அணி முதலாளி! ஏழாவது மாதம் ஒரு லாரி அதிபரின் மகன் முதல் வளைவிலேயே சுவரில் விட்டான். ரேடியேட்டர், லோயர் ஆர்ம், பானெட் எல்லாம் போச்சு. பையனுக்குக் கீறல் இல்லை, அதுவரை மாரியாத்தா புண்ணியம். செலவைக் கேட்டால் அவன் அப்பா, "ஓட்டத்தானேங்க வாடகை கொடுத்தோம், இடிச்சா நாங்க என்ன பண்றது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் எதையும் காகிதத்தில் எழுதி வாங்கவில்லை. இடித்தால் யார் கணக்கு, எத்தனை செட் டயர், என்ஜின் தானாகப் போனால் யார் கணக்கு, இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஹெல்மெட்டைக் கையில் கொடுக்காதீர்கள். வாடகை சில்லறை, இடிதான் பெரிய நோட்டு. அந்த ரோல் கேஜ் குழாய் இப்போது அடிவாரத்தில் என் பட்டறை வாசல் தகரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஏற்காடு போகிற வழியில் இறங்கிப் பாருங்கள்.

ரேஸ் ஜெயிப்பது ஓட்டுகிறவரா, மெக்கானிக்கா?
– வாசகர், அம்மாபேட்டை

பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் போட்டியில் 1979-இல் நடந்ததைச் சொல்கிறேன். ஜெயித்தது கொலோன் நகரத்தில் போர்ஷே பட்டறை வைத்திருந்த கிரெமர் சகோதரர்களின் 935 கார். போர்ஷே கம்பெனியே அனுப்பிய இரண்டு கார்களும் கடைசிவரை தாக்குப்பிடிக்கவில்லை. ஜெயித்த காருக்கும் நடுவில், என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பின் பெல்ட் அறுந்தது. டிராக்கில் நின்ற காரை வேறு யாரும் தொடக் கூடாது. ஓட்டிய டான் விட்டிங்டனே இறங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடி, காரைப் பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்தில் அணிகள் காரைப் பழுது பார்க்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார். அந்த நேரம் அவர் யார், ஓட்டுநரா, மெக்கானிக்கா? இன்னொரு சங்கதி: அன்று இரண்டாவதாக வந்த காரை ஓட்டியவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன். அந்தக் காருக்குப் பிட்டில் ஒரு வீல் நட்டு இறுகிக்கொண்டு கழல மாட்டேன் என்றது. நட்டு நடிகர் என்றெல்லாம் பார்க்காது.

மகன் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம். படிப்பை விட்டுவிட்டு ரேஸ் அணியில் சேருகிறேன் என்கிறான். என்ன சொல்வது?
– ஒரு தாய், அஸ்தம்பட்டி

படிப்பை விட வேண்டாம்மா. கல்லூரி மாணவர்களே கார் செய்து ஓட்டுகிற ஃபார்முலா பாரத் போட்டி கோவை கரி டிராக்கில் நடக்கிறது. அவன் கல்லூரி அணியில் சேரச் சொல்லுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு வெல்டிங் அடித்துவிட்டு வந்தும் காலையில் இதே பேச்சைப் பேசினால், மறுபடி எழுதுங்கள்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் தீய்ந்த வாடை வருகிறது. பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. பிரேக் பேட் மாற்ற வேண்டுமா?
– வாசகர், சூரமங்கலம்

முதலில் கியரை மாற்றுங்கள். 20 ஊசி வளைவையும் நாலாவது கியரில் போட்டு, காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் எந்தப் பேடும் தீயும். ரெண்டாவதில் விட்டால் என்ஜினே பிடித்துக்கொள்ளும். பஞ்சு மாதிரி அமுங்குவது, பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி கட்டுவதால். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும். காற்றிலிருந்து ஈரம் குடித்துப் பழசானால் அது 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். அதனால்தான் ரேஸ்காரர்கள் அதை அடிக்கடி மாற்றுகிறார்கள். நீங்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றினால் போதும். பட்டறையில் திறந்து கிடக்கிற பாதி டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள், என் பட்டறையாக இருந்தாலும் சரி. சீல் உடைக்காத டப்பாவைக் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.