விசையும் எதிர்விசையும் சமம் என்றால் வள்ளம் எப்படி நகர்கிறது?

முட்டம் கடற்கரையில் வள்ளத்தைத் தள்ளுகிறவர்களை அந்த வள்ளமும் அதே அளவு விசையுடன் திருப்பித் தள்ளுகிறது என்றால், இரண்டும் கழிந்து வள்ளம் அசையாமல்தானே நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட மூன்றாம் விதியைப் பாடமாக ஒப்பிக்கும் பலரும் இடறும் இடம் இது.

விசைகள் ஒன்றையொன்று கழிக்க வேண்டுமானால் அவை ஒரே பொருளின் மீது செயல்பட வேண்டும். இங்கே தள்ளும் விசை வள்ளத்தின் மீதும், எதிர்விசை தள்ளுகிறவர்கள் மீதும் செயல்படுவதால், வள்ளத்தின் கணக்கில் எதிர்விசைக்கு இடமே இல்லை. 300 கிலோகிராம் நிறையுள்ள வள்ளத்தை மூவர் சேர்ந்து 900 நியூட்டன் விசையுடன் தள்ள, அடியில் மணலின் உராய்வு 750 நியூட்டன் அளவுக்கு எதிர்க்கிறது என்று வைத்துக்கொண்டால், எஞ்சும் 150 நியூட்டனை நிறையால் வகுக்க, முடுக்கம் 0.5 மீ/வி² என்று கிடைக்கும். வள்ளத்துக்கு அடியில் உருளைக் கட்டைகளை வைப்பது அந்த 750-ஐக் குறைக்கத்தான்.

தள்ளுகிறவர்கள் பின்னால் சரியாமல் இருப்பதற்கும் உராய்வே காரணம். அவர்களுடைய பாதங்கள் மணலைப் பின்னோக்கி உந்த, மணல் அவர்களை முன்னோக்கி உந்துகிறது. அலை வந்து காலடி மணலை அரித்துவிட்டால், எவ்வளவு வலுவுள்ளவரும் வழுக்குவார்.