நாமே வரையும் ஆப்பை ஸ்க்ரீன் ரீடர் எப்படிப் படிக்கும்?

கேள்வி: தமிழ்த் தட்டச்சு கற்றுத்தரும் ஓர் ஆப்பை ரஸ்ட் என்ற நிரலாக்க மொழியில் எழுதியிருக்கிறோம். பட்டன், எழுத்துப் பெட்டி எல்லாவற்றையும் நாங்களே வரைகிறோம், அதனால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே மாதிரி தெரிகிறது. ஆனால் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடரை (திரையில் இருப்பதைப் பேசிச் சொல்லும் மென்பொருள்) வைத்துத் திறந்தபோது, அது ஆப்பின் பெயரைச் சொன்னதோடு சரி, அப்புறம் ஒன்றுமே பேசவில்லையாம். மூன்று சிஸ்டத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டுமா? நாங்கள் இரண்டே பேர்.

பதில்: தனித்தனியாக எழுத வேண்டாம். ஆனால் உங்கள் ஆப்பில் இதுவரை இல்லாத ஒன்றைக் கட்ட வேண்டியிருக்கும்.

ஸ்க்ரீன் ரீடர் பொதுவாகத் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை, ஆப்பிடம் கேட்டுத்தான் படிக்கிறது. இது பட்டனா, பெயர் என்ன, அமுக்கியிருக்கிறதா, கர்சர் எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சிஸ்டம் தரும் பட்டனை வைத்திருந்தால் அந்தப் பட்டனே பதில் சொல்லிவிடும். நீங்கள் வரைந்ததோ வெறும் பிக்சல், அதனால் சிஸ்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஜன்னலும் அதன் தலைப்பும்தான். என்விடிஏ சொன்னதும் அதைத்தானே.

சிக்கல் என்னவென்றால் அந்தக் கேள்வியை ஒவ்வொரு சிஸ்டமும் ஒவ்வொரு பாஷையில் கேட்கிறது. விண்டோஸில் மட்டுமே மூன்று தலைமுறை சேர்ந்து கிடக்கிறது: 1997-இல் வந்த ஆக்டிவ் ஆக்சஸிபிலிட்டி, அதன் குறையை நிரப்ப ஐபிஎம் உருவாக்கிய ஐ-ஆக்சஸிபிள்-2, விஸ்டா காலத்தில் வந்த யூஐ ஆட்டோமேஷன். மேக்கில் என்எஸ்-ஆக்சஸிபிலிட்டி. லினக்ஸில், ஆப்களுக்கிடையே செய்தி கடத்தும் டி-பஸ் வழியாகப் பேசும் ஏடி-ஸ்பை. பெயர் மட்டும் வேறு என்றால் ஓர் அட்டவணை போட்டு முடித்துவிடலாம், ஆனால் அவற்றின் உலகப் பார்வையே வேறு. ஆன்-ஆஃப் சுவிட்சையே எடுத்துக்கொள்ளுங்கள். யூஐ ஆட்டோமேஷனில் சுவிட்ச் என்று தனி வகை கிடையாது, டாகிள் வசதி சேர்த்த பட்டனாக அதைக் காட்ட வேண்டும், மேக்கில் அது செக்பாக்ஸின் ஓர் உள்வகை, லினக்ஸில் வழக்கமாக டாகிள் பட்டன். திரையில் ஒரு பொருள் இருக்கும் இடத்தை விண்டோஸ் மேல்-இடது மூலையிலிருந்து அளக்கிறது, மேக் கீழ்-இடது மூலையிலிருந்து.

இதற்கான வழி, குரோம் பிரௌசருக்கு அடிப்படையான குரோமியத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்தை வரையும் பகுதி தனி ப்ராசஸில் (தனி நிரலைப் போல) ஓடுவதால், சிஸ்டம் கேட்கும்போதெல்லாம் அங்கே போய்க் கேட்டு வந்தால் எல்லாம் நின்றுவிடும். அதனால் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது, எது எதற்குள் இருக்கிறது என்று காட்டும் மர வடிவப் பட்டியலை அது முன்கூட்டியே முதன்மை ப்ராசஸுக்கு அனுப்பிவிடுகிறது, மாறும்போது மாறியதை மட்டும் அனுப்புகிறது. சிஸ்டம் கேட்கும் கேள்விக்கு அந்த நகலிலிருந்தே பதில் போகிறது. இதே யோசனையை எடுத்து எந்த ஆப்பும் பயன்படுத்தும்படி செய்ததுதான் அக்சஸ்கிட் என்ற ரஸ்ட் நூலகம். நீங்கள் ஒரே மரத்தைக் கொடுத்தால் போதும், மூன்று சிஸ்டத்தின் பாஷைக்கும் மாற்றுவது அதன் வேலை. சி, பைத்தான் மொழிகளுக்கும் கிடைக்கிறது. உங்கள் நிலையில் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.

நூலகத்தைச் சேர்த்த பிறகும் தவறு நடக்கும் இடங்கள் உண்டு. முதலாவது, விண்டோஸில் ஜன்னல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அடாப்டரை (உங்கள் மரத்தைச் சிஸ்டத்தோடு இணைக்கும் அக்சஸ்கிட் பகுதி) உருவாக்கிவிடுங்கள். அடுத்து, மரத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் அடையாள எண். ஒவ்வொரு ஃப்ரேமிலும் (திரையை வரையும் ஒவ்வொரு முறையும்) இடைமுகத்தைப் புதிதாகக் கட்டுகிற பாணியில் எழுதியிருந்தால், ஒரே பட்டனுக்கு ஒவ்வொரு முறையும் புது எண் விழ வாய்ப்பிருக்கிறது, அப்படி விழுந்தால் பழைய பட்டன் போய்ப் புதிது வந்துவிட்டதாக ஸ்க்ரீன் ரீடர் நினைத்துத் தான் நின்ற இடத்தைத் தொலைத்துவிடும். நான் ஒருமுறை இதில் மாட்டி இரண்டு நாள் வேறெங்கோ பிழை தேடிக்கொண்டிருந்தேன். பெயரில் வகையைச் சேர்க்காதீர்கள்: "சேமி பட்டன்" என்று வைத்தால் "சேமி பட்டன் பட்டன்" என்று கேட்கும்.

உங்கள் ஆப்புக்கு உயிரே எழுத்துப் பெட்டிதான், அங்கே தாராளமாக நேரம் செலவழியுங்கள். பெட்டிக்குள் இருக்கும் வரியை அக்சஸ்கிட்டிடம் கொடுக்கும்போது ஒவ்வோர் எழுத்தும் எத்தனை பைட் என்றும் சொல்ல வேண்டும். யூனிகோடில் 'தி' என்பது த, இகரக் குறி என இரண்டு குறியீடு, அதைப் பைட்டாக எழுதும் முறையான யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட். இரண்டையும் 3, 3 என்று பிரித்துக் கொடுத்தால், அம்புக்குறியை அமுக்கும் மாணவருக்கு 'த' தனியாகவும் துணைக்குறி தனியாகவும் கேட்கும், ஒரு சொல்லைத் தாண்டுவதற்குள் அலுத்துவிடும். கிராஃபீம் அளவில், அதாவது படிப்பவர் ஓர் எழுத்தாகக் காணும் அலகாக வெட்டி 6 என்று ஒரே எழுத்தாகக் கொடுங்கள். 'க்ஷ' மட்டும் பொதுவான கிராஃபீம் விதியில் இரண்டாக உடையலாம், அதை நீங்களே சேர்த்துவிடுங்கள். பேக்ஸ்பேஸ் வேறு கதை: பல எடிட்டர்களில் அது 'தி'யை 'த' ஆக்கும், முழு எழுத்தையும் அழிக்காது. கற்பவருக்கு இது நல்லதுதான், ஆனால் அழித்த பிறகு மிச்சம் இருப்பது என்ன என்று அவருக்குக் கேட்க வேண்டும்.

பிழையான விசையை அறிவிக்க அந்தச் செய்தியை லைவ் பகுதியாக (மாறியதும் ஸ்க்ரீன் ரீடர் தானாகவே படிக்கும் பகுதி) குறித்தால் போதும். அதில் இரண்டு அளவு உண்டு, நிதானமானதையே எடுங்கள். அவசர அளவை வைத்தால் அது அடிக்கும் எழுத்தின் ஒலியையே வெட்டிவிடும், தட்டச்சு பழகுபவருக்கு அந்த ஒலிதானே வழிகாட்டி.

சோதிப்பதை மட்டும் ஒரே சிஸ்டத்தோடு நிறுத்தாதீர்கள். என்விடிஏ இலவசம். மற்ற ஸ்க்ரீன் ரீடர்களைத் தொடங்கும் விசைகள்: விண்டோஸிலேயே இருக்கும் நரேட்டருக்கு விண்டோஸ்-கண்ட்ரோல்-என்டர், மேக்கில் வாய்ஸ்ஓவருக்கு கமாண்ட்-எஃப்5, லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில் ஆர்காவுக்கு சூப்பர்-ஆல்ட்-எஸ். மரம் சரியாகப் போயிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க விண்டோஸில் ஆக்சஸிபிலிட்டி இன்சைட்ஸ், மேக்கில் எக்ஸ்கோடுடன் வரும் ஆக்சஸிபிலிட்டி இன்ஸ்பெக்டர், லினக்ஸில் ஆக்ஸெர்சைசர். மானிட்டரை அணைத்துவிட்டு ஒரு பாடத்தை முழுதாக முடித்துப் பாருங்கள். முடிந்ததும் அடுத்த பதிப்பை அந்த ஆசிரியருக்கே முதலில் அனுப்பி, எந்த இடத்தில் வேகம் குறைகிறது என்று கேளுங்கள். தினமும் காதால் கணினியைப் பயன்படுத்துகிறவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பதை நாம் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் பிடிக்க மாட்டோம்.