பக்கத்துக் காம்பரா அடுப்பு

அன்புள்ள அக்கா,

இலங்கை மலையகத்தில், லிந்துலையில் உயர்தரம் படிக்கிறேன். வானியல் படிக்க ஆசை. ஆனால் இங்கே பாதி நாள் மூட்டம், தொலைநோக்கி வாங்கவும் வழியில்லை. தூசிக்குள் ஒளிந்திருக்கும் கருந்துளைகளை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி ஊடுருவிப் பார்க்கிறதாமே. எங்களைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் எட்டுமா? 'அகச்சிவப்பு', 'செங்கீழ்' எது சரி?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

இரண்டும் ஒன்றுதான், சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒளி. பாடப்புத்தகத்தில் இருப்பதையே எழுதுங்கள். 'எங்களைப் போன்றவர்கள்' என்று இன்னொரு முறை எழுதினால் பதில் போடமாட்டேன். வைஸ் (WISE) என்ற விண்வெளித் தொலைநோக்கி 2010இல் வானம் முழுவதையும் நான்கு செங்கீழ் அலைநீளங்களில் படமெடுத்தது. அந்தத் தரவு இணையத்தில் எல்லோருக்கும் இலவசம். மூட்டம் அதை மறைக்காது.

ஆனால் 'ஊடுருவிப் பார்க்கிறது' என்கிறீர்களே, அது பாதி உண்மைதான். எல்லோரும் இப்படியே எழுதுவதால் எனக்குக் கோபம் வருகிறது. கருந்துளையை நோக்கி விழும் வாயு கொதித்து ஒளியைக் கொட்டுகிறது. சுற்றியுள்ள தூசி அதைக் குடித்துச் சூடேறி, அந்தச் சூட்டைச் செங்கீழ்க் கதிராக வெளியே விடுகிறது. ஜேம்ஸ் வெப்பின் நடுச் செங்கீழ்க் கருவி பார்ப்பது பெரும்பாலும் அந்தத் தூசியின் சூட்டைத்தான். கருவியின் சொந்தச் சூடு குறுக்கே வரக்கூடாதென்று அதை 7 கெல்வினுக்கும் கீழே குளிர வைத்திருக்கிறார்கள்.

பொகவந்தலாவைப் பக்கம் நாங்கள் இருந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், எங்களுக்கும் அடுத்த காம்பராவுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் பெரியம்மாவின் அடுப்பு. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அம்மா என் விறைத்த கையைப் பிடித்துச் சுவரில் வைப்பார். சுட்டால், பெரியம்மா எழுந்து ரொட்டி சுடுகிறார் என்று அர்த்தம். அடுப்பை நான் பார்த்ததே இல்லை, ஆனால் எரிகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியும். தூசியும் அப்படித்தான், தம்பி.

இன்னொன்று. கருந்துளை இருக்கும் மையம் மங்கினாலும் தூசி உடனே மங்காது. மையத்தின் ஒளி தூசிக்குப் போய்ச் சேர மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். அந்தத் தாமதத்தை வைத்தே தூசி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளக்கிறார்கள். சுவரின் கதை வேறு, அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனாலும் இதைப் படித்த அன்று எனக்குப் பெரியம்மா நினைவுதான் வந்தது.

1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தப்படி அவர்கள் குடும்பம் இந்தியா போகவேண்டி வந்தது. தலைமன்னாருக்கு ரயிலேறப் புறப்பட்ட அன்று விடியற்காலை பெரியம்மா கடைசியாகத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். வழியனுப்பிவிட்டு வந்து சுவரைத் தொட்டேன். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. அந்தச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார்.