வாடகைக்கு விட்ட கார் நடுவழியில் நின்றால் செலவு யாருடையது?

கேள்வி: சேலத்தில் வசிக்கிறேன். கடனில் வாங்கிய காருக்கு மாதம் 14,500 ரூபாய் தவணை கட்டுகிறேன். வண்டி பெரும்பாலும் சும்மாவே நிற்பதால், செயலி ஒன்றின் மூலம் செல்ஃப் டிரைவ் வாடகைக்கு விட்டுவருகிறேன். மாதம் சுமார் 3,000 கி.மீ. ஓடுகிறது, 12,000 ரூபாய் கைக்கு வருகிறது. சென்ற மாதம் ஏற்காடு மலைப்பாதையில் கிளட்ச் எரிந்து வண்டி நின்றுவிட்டது. பழுதுபார்க்கவும் இழுவை வண்டிக்கும் சேர்த்து 34,000 ரூபாய் ஆயிற்று. ஓட்டியவர், செயலி நிறுவனம், காப்பீட்டு நிறுவனம் என எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். தொடர்ந்து வாடகைக்கு விடலாமா?

பதில்: இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். ஏறத்தாழ மூன்று மாத வருமானம் ஒரே பழுதில் போயிருக்கிறது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்களுக்கும் தவணை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

உங்கள் வருமானத்தைக் கிலோமீட்டர் கணக்கில் பாருங்கள். 12,000 ரூபாயை 3,000 கிலோமீட்டரால் வகுத்தால் 4 ரூபாய். நான்கு டயர்களுக்கு 22,000 ரூபாய் செலவாகி, அவை 40,000 கி.மீ. உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், டயருக்கு மட்டுமே கிலோமீட்டருக்கு 55 பைசா போய்விடும். சர்வீஸ், பிரேக், கிளட்ச் ஆகியவற்றோடு, ஆண்டுக்கு 36,000 கி.மீ. ஓடிய வண்டியை விற்கும்போது குறையும் விலையும் மீதமுள்ள தொகையிலிருந்துதான் வர வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்ததில் வியப்பில்லை. விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்குத்தான் கார் பாலிசி இழப்பீடு தரும். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதில் விலக்கப்பட்டவை என்பதால், நீங்களே ஓட்டியிருந்தாலும் பணம் கிடைத்திராது. எனக்குக் கவலை தருவது அதே பாலிசியில் உள்ள பயன்பாட்டு வரம்பு என்ற பகுதிதான். தனியார் காரை வாடகைக்குப் பயன்படுத்தினால் காப்பீடு செல்லாது என்று அங்கே எழுதியிருக்கும். பழுதாகி வளைவில் நிற்கும் உங்கள் வண்டியின்மீது இருசக்கர வாகனத்தில் வந்தவர் மோதி உயிரிழந்தால், காப்பீட்டு நிறுவனம் அக்குடும்பத்துக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகை முழுவதையும் உங்களிடம் வசூலிக்க வாகன விபத்து வழக்குகளுக்கான தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடும். அது வீட்டையே விற்க வைக்கும் தொகையாகவும் இருக்கலாம்.

சட்டப்படி, செல்ஃப் டிரைவ் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தும் உரிய பெர்மிட்டும் வேண்டும். 1989-ஆம் ஆண்டின் வாடகை வண்டித் திட்டம், உரிமம் பெறக் குறைந்தது 50 வண்டிகள் வேண்டும் என்கிறது. வெள்ளை போர்டு கார் ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு அது எட்டாது. கடன் ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். வங்கியின் அனுமதியின்றி வாடகைக்கு விடக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும்.

34,000 ரூபாயில் ஒரு பகுதியையாவது மீட்க வழி உண்டு. கழற்றிய கிளட்ச் பிளேட்டை மெக்கானிக்கிடமிருந்து வாங்கி வையுங்கள். ரிவெட் (பிளேட்டில் அடித்திருக்கும் ஆணி) வரை சீராகத் தேய்ந்திருந்தால் அது நாள்பட்ட தேய்மானம். அந்தச் செலவு உங்களுடையது. பிளைவீல் (கிளட்ச் பிளேட் அழுந்தும் இன்ஜின் சக்கரம்) நீலம் பாரித்து, பிளேட் கருகியிருந்தால், ஏற்றத்தில் கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தபடியே ஓட்டியதால் ஏற்பட்ட சூடு காரணமாக இருக்கலாம். அதை ஒர்க்‌ஷாப்பிடம் எழுத்தில் வாங்கி, வண்டியை ஒப்படைத்தபோது எடுத்த படங்கள், இழுவை வண்டி ரசீது ஆகியவற்றோடு செயலி நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். புகார் தருவதற்கான கால வரம்பு ஒப்பந்தத்தில் இருக்கும். அது முடிவதற்குள் அனுப்புங்கள்.

வாடகை இல்லாமல் தவணையைச் சமாளிக்க முடியுமா என்பதை இந்த மாதமே முடிவுசெய்யுங்கள். முடியாதென்றால், கடனை முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணத்தை வங்கியில் கேட்டறிந்து, வண்டிக்கு நல்ல விலை இருக்கும்போதே விற்றுவிடுங்கள்.