தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல கேபிள் வேணாம்னா

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, மண்டபத்துல நண்டு எடுக்குற சென்டர் வச்சிருக்கோம். தராசு வாசல் பக்கம் ஈரத்துல இருக்கு, கம்ப்யூட்டர் உள்ரூம்ல. நடுவுல எடையைக் கொண்டு போற சீரியல் கேபிள் உப்புத் தண்ணியிலயும் காலடியிலயும் கெடந்து அடிக்கடி போயிருது, போதாததுக்கு எலி வேற கடிச்சுருது. அதனால ஒரு ப்ளூடூத் சீரியல் அடாப்டர் வாங்கி தராசுல மாட்டுனேன், கம்ப்யூட்டரோட ஜோடி சேந்துருச்சு. ஆனா 36.50 கிலோ வச்சா சரியா வருது, 12.48 வச்சா என்னமோ கிறுக்கல் எழுத்தா வருது. கேபிள்ல இருந்தப்ப எல்லாமே ஒழுங்காத்தான் வந்துச்சு. அடாப்டர் டூப்ளிகேட்டா?
- ஒரு வாசகர், மண்டபம்

பதில்: தம்பி, அடாப்டர் நல்லாத்தான் இருக்கு, திருப்பி அனுப்பிராதீங்க. நீங்க ரெண்டு எடையையும் எழுதி அனுப்புனதுதான் பெரிய உதவி, அதுலயே விடை இருக்கு. 36.50ல வர்ற 3, 6, 5, 0 எல்லாம் சரியா வருது, 12.48ல இருக்கற 1, 2, 4, 8 நாலுமே கெட்டுப்போய் வருது. சோதிச்சுப் பாத்தீங்கன்னா 9 சரியா வரும், 7 கெட்டுப்போகும். இப்படி எண்ணைப் பாத்து கெட்டா அது சிக்னல் கோளாறே கிடையாது, சிக்னல் கோளாறுன்னா எந்த எண்ணுன்னு பாக்காம எல்லாத்தையும்ல கெடுக்கும். இது பேரிட்டி சமாச்சாரம்.

உங்க தராசு 7 பிட், ஈவன் பேரிட்டில அனுப்புது. எடை மெஷின்கள்ல இது ரொம்ப சகஜம். அதாவது ஒவ்வொரு எழுத்தையும் 7 பிட்ல (ஒரு பிட்டுன்னா ஒரு 0 இல்லாட்டி 1) வச்சு, எட்டாவதா ஒரு சரிபார்ப்பு பிட்டைச் சேத்து, ஒன்னுங்களோட மொத்த எண்ணிக்கை எப்பவும் ரெட்டைப்படையா வர்ற மாதிரி அனுப்பும். 3ங்கற எழுத்துல ஏற்கெனவே நாலு ஒன்னு இருக்கு, அதனால எட்டாவது பிட் பூஜ்ஜியம், ஒன்னும் மாறல. 1ங்கற எழுத்துல மூணு ஒன்னு இருக்கு, அதை நாலாக்க எட்டாவது பிட் 1 ஆகும். கேபிள் இருந்தப்ப கம்ப்யூட்டர் போர்ட்டும் 7 பிட் ஈவன்னு செட் ஆகியிருந்துச்சு, அதனால அது அந்த எட்டாவது பிட்டைப் பாத்துட்டு கழட்டிப் போட்டுருச்சு. இப்ப நடுவுல வந்த அடாப்டர் 8 பிட், பேரிட்டி இல்லன்னு கெடக்குது, எட்டையும் சேத்து ஒரே எழுத்தா எடுத்து அப்படியே அனுப்பிருது, அதுதான் உங்க ஸ்க்ரீன்ல கிறுக்கலாத் தெரியுது.

சரி பண்ண ரெண்டு வழி. தராசு இண்டிகேட்டர் மெனுவுல கம்யூனிகேஷன் பகுதிக்குப் போய் 8 பிட், பேரிட்டி இல்ல, 1 ஸ்டாப் பிட்டுன்னு மாத்துனா அதோட முடிஞ்சுது. அந்த மெனுவுல இந்த வசதி இல்லைன்னா பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்தவர்கிட்ட, வர்ற ஒவ்வொரு எழுத்துலயும் மேல் பிட்டை நீக்கிட்டு படிங்கன்னு சொல்லுங்க, அவருக்கு ஒரு வரி வேலை. ஆனா எதுக்காகவும் தராசோட முத்திரையை உடைச்சு உள்ள கை வச்சுராதீங்க. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009 அதுல கண்டிப்பா இருக்கு, நம்ம மாநிலத்துல தொழிலாளர் துறைதான் அதைப் பாக்குது. வெளிய இருக்கற சீரியல் சாக்கெட்ல மாட்டுறதோட நம்ம வேலை நிக்கணும்.

இதே சென்டர் வச்சிருக்கற மத்தவங்களும் கேக்குறதால முழு வேலையையும் சொல்லிடறேன். எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒன்னுதான்: ப்ளூடூத் வந்தா வயர் மட்டும்தான் போகுது, வயருக்கு ரெண்டு பக்கமும் இருந்த ஒப்பந்தம் எதுவும் போறதில்ல. வேகம், பிட்டு, பேரிட்டி, எந்த பின் பேசுது எந்த பின் கேக்குது, எல்லாம் 1960ல ஆர்எஸ்-232ங்கற சீரியல் விதிமுறை வந்த காலத்துல இருந்த மாதிரியே அப்படியே இருக்கு. ப்ளூடூத்தே 1994ல எரிக்சன் கம்பெனில இந்த மாதிரி குட்டி கேபிள்களுக்கு மாத்தாத்தான் யோசிக்க ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு ஹெட்செட்டுக்குன்னு நெனைக்கறோம். அதனால பழைய கேபிளைக் கழட்டுறதுக்கு முன்னாடியே, அது ஓடிக்கிட்டு இருக்கறப்பவே, சாஃப்ட்வேர்ல என்ன செட்டிங் இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. இதைச் செய்யாம கேபிளை வெட்டிப் போட்டவங்கதான் அப்புறம் ஒவ்வொன்னா மாத்தி மாத்திப் பாத்து நாளை வீணாக்குறாங்க.

இன்னொன்னு, கம்ப்யூட்டர்ல வேகம் 9600ன்னு வச்சா அடாப்டரும் தானா 9600 ஆயிரும்னு நெனைக்காதீங்க. ப்ளூடூத்துக்குன்னு விண்டோஸ் காட்டுற காம் போர்ட்ல நீங்க எந்த வேகம் வச்சாலும் சாதாரணமா அது காத்துல அடாப்டர் வரைக்கும் போய்ச் சேராது. தராசுகிட்ட பேசுற வேகம் அடாப்டருக்குள்ள தனியா செட் பண்ணணும். சிலதுல குட்டி சுவிட்ச் வரிசை இருக்கும், சிலதுல கட்டளை அடிக்கணும். ஹெச்சி-05ங்கற குட்டி ப்ளூடூத் மாடியூல் வச்சு செஞ்சதுன்னா அதோட பட்டனை அமுக்கிக்கிட்டே கரண்ட் குடுங்க, விளக்கு மெதுவா ரெண்டு செகண்டுக்கு ஒருதடவை மின்னும், அப்ப 38400 வேகத்துல டெர்மினல்ல (கட்டளை அடிக்கற சாஃப்ட்வேர்) போய் இங்கிலீஷ்ல AT+UART=9600,0,0 ன்னு அடிச்சா ஓகேன்னு பதில் வரும். வரலைன்னா டெர்மினல்ல வரி முடிவுக் குறி சிஆர், எல்எஃப் (CR, LF) ரெண்டும் போகுதான்னு பாருங்க, முக்கால்வாசி அதுதான் காரணம். கையோட பேரையும், 1234ங்கற பின் நம்பரையும் மாத்திருங்க, பக்கத்துக் கம்பெனிக்காரர் உங்க தராசுல சேந்துக்கறதுக்கு வழி விடவேணாம். அதோட வெறும் ஹெச்சி-05 மாடியூலை நேரா தராசு சாக்கெட்ல கோத்துராதீங்க, அது 3.3 வோல்ட் சாமான், ஆர்எஸ்-232ல ப்ளஸ் மைனஸ் 12 வோல்ட் வரைக்கும் ஓடும், ஒரே நொடில போயிரும். நடுவுல மேக்ஸ்3232 மாதிரி லெவல் மாத்துற சிப் இருக்கணும், டிபி9ங்கற ஒன்பது பின் சாக்கெட்டோட வர்ற ரெடிமேட் அடாப்டர்ல அது உள்ளயே இருக்கும்.

மாட்டியும் ஒன்னுமே வரலைன்னா மல்டிமீட்டரை எடுங்க. கறுப்பு முனையை தராசு சாக்கெட்ல 5ஆம் பின்னுல வச்சு, சிவப்பை 2லயும் 3லயும் மாத்தி மாத்தி வையுங்க. தராசு ஒன்னும் அனுப்பாம சும்மா இருக்கறப்ப எந்த பின்னுல மைனஸ் 5ல இருந்து மைனஸ் 12 வோல்ட்டுக்குள்ள காட்டுதோ அதுதான் தராசு பேசுற பின். அடாப்டர்லயும் அதே மாதிரி பாருங்க. ரெண்டும் ஒரே பின்னுல பேசுனா ரெண்டு பேரும் பேசிக்கிட்டே கேக்க ஆளில்லாம நிக்குறாங்கன்னு அர்த்தம், 2ஐயும் 3ஐயும் மாத்திவிடுற நல்-மோடம் துண்டு ஒன்னு நடுவுல போடணும். அப்புறம் அடாப்டரை மட்டும் தனியா சோதிக்க, அதோட 2ஐயும் 3ஐயும் ஒரு துண்டு வயரால சேத்துட்டு கம்ப்யூட்டர்ல புட்டி (PuTTY)ங்கற டெர்மினல் சாஃப்ட்வேரைத் திறந்து ஏதாவது டைப் பண்ணுங்க. அடிச்ச எழுத்து அப்படியே திரும்பி வந்தா காத்து வழி சுத்தமா இருக்கு, கோளாறு தராசுப் பக்கம். விண்டோஸ்ல ரெண்டு காம் போர்ட் காட்டும், வெளிப்போக்குன்னு இருக்கறதைத் தேர்ந்தெடுங்க, உள்வரவைத் தேர்ந்தெடுத்துட்டு வரலை வரலைன்னு உக்காந்திருக்கறவங்க நெறைய.

அடாப்டருக்கு கரண்டு சாக்கெட்ல இருந்தே வந்துரும்னும் நம்பாதீங்க. ஒரு சில தராசுல 9ஆம் பின்னுல 5 வோல்ட் குடுப்பாங்க, மத்ததுல கிடையாது, தனியா ஒரு 5 வோல்ட் சார்ஜர் போட்டுக்கறதுதான் நிம்மதி.

நம்ம கடற்கரைக்குன்னு உள்ளதைச் சொல்றேன். கேபிளை எடுத்துட்டோம், உப்பு இனிமே ஒன்னும் பண்ணாதுன்னு இருந்துராதீங்க, டிபி9 சாக்கெட்டுக்குள்ள பச்சைக் களிம்பு ஏறுறது நிக்காது. காண்டாக்ட் க்ளீனர் அடிச்சு, காயவிட்டு, கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்க. அடாப்டரை மூடி இறுக்கமான ப்ளாஸ்டிக் பெட்டிக்குள்ள வையுங்க, தகரப் பெட்டி வேணவே வேணாம், சிக்னல் வெளிய வராது. வயர் போற ஓட்டை கீழ்ப்பக்கம் பாத்து இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஐஸ் கட்டி அவ்வளவா தடுக்காது, ஐஸ் உருகின தண்ணியும், நண்டுக்கூடையும், கூடி நிக்குற மனுஷ உடம்பும்தான் தடுக்கும், அதனால பெட்டி தலைக்கு மேல ஒசரத்துல இருக்கணும். சாதாரண அடாப்டர் க்ளாஸ் 2, திறந்தவெளியில பத்து மீட்டர், நடுவுல சுவர் வந்தா அதுவும் குறையும். உள்ரூம் தூரமா இருந்தா க்ளாஸ் 1 வாங்குங்க.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படுறது. கேபிள் அறுந்தா உடனே தெரிஞ்சுரும். ப்ளூடூத் விட்டுப்போனா சில சாஃப்ட்வேர்ல கடைசியா வந்த எடை ஸ்க்ரீன்லயே அப்படியே நிக்கும், யாரும் கவனிக்காம அடுத்த ஆளோட நண்டுக்கும் அதே எடை பில்லாயிரும். விடிகாலைல இருந்து கடல்ல கெடந்து வலை இழுத்துக் கொண்டு வந்த நண்டு அது, அதுல அரைக்கிலோ தப்புனாலும் அந்த வீட்டுக் காசு. அதனால தராசைத் தொடர்ந்து அனுப்புற மோடுல வையுங்க, ரெண்டு செகண்டு தகவல் வரலைன்னா கட்டத்தைக் காலி பண்ணிரணும்னு சாஃப்ட்வேர்காரர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, தராசோட டிஸ்ப்ளே நண்டு கொண்டு வர்றவங்க முகத்தைப் பாத்து இருக்கட்டும். விண்டோஸ்ல ப்ளூடூத்துக்கு கரண்டு மிச்சம் பண்ண அணைச்சுக்கலாம்னு ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துருங்க. பழைய கேபிளைத் தூக்கிப் போடாம நல்லா சுத்தி அலமாரியில வச்சிருங்க, ஒருநாள் அடாப்டர் நின்னா எடை போடுறது நிக்கக்கூடாது.

கேள்வி: எங்க போட்டுல வீல்ஹவுஸ்ல இருக்கற ஜிபிஎஸ்ல சீரியல் வயர் ரெண்டு சும்மா தொங்குது. அதுல ப்ளூடூத் அடாப்டர் மாட்டி ஆண்ட்ராய்ட் போன்ல இடம் பாக்க முடியுமா? அப்பா வேணாங்கறாரு.
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முடியும், ஆனா அப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அதைப் பின்னாடி சொல்றேன். அந்த ஜிபிஎஸ் என்எம்இஏ 0183ங்கற முறையில அனுப்பும், வழக்கமான வேகம் 4800, 8 பிட், பேரிட்டி இல்ல. அடாப்டரை 4800க்கு மாத்துங்க, நெறைய பேர் 9600லயே விட்டுட்டு குப்பை வருதுங்கறாங்க. வயர் கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவல் பாக்காம கோக்கவேணாம். பேட்டரி 12 வோல்ட்டோ 24 வோல்ட்டோ, நேரா குடுக்காம 5 வோல்ட்டா குறைக்கிற கன்வெர்ட்டர் வழியா குடுங்க. போன்ல ஒரு ப்ளூடூத் டெர்மினல் ஆப் திறந்தா டாலர் குறியில ஆரம்பிச்சு ஜிபிஆர்எம்சி (GPRMC)ன்னு வரிவரியா ஓடணும்.

அந்த வரியைக் கண்ணால படிக்கறப்ப ஒன்னை மட்டும் மறக்காதீங்க. 0917.2500 ன்னு இருந்தா அது 9 டிகிரி 17.25 நிமிஷம், பாம்பன் பக்கம். அதையே 9.1725 டிகிரின்னு படிச்சா 9 டிகிரி 10.35 நிமிஷம் ஆயிரும், கிட்டத்தட்ட 7 கடல் மைல் தெக்கே தள்ளிக் காட்டும். பாக் நீரிணையில எல்லை எவ்வளவு கிட்டன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, 7 மைல் தப்புனா என்ன ஆகும்னு அப்பாவுக்கு நல்லாவே தெரியும். அதனால போன் ரெண்டாவது கண்ணு மட்டும்தான், வீல்ஹவுஸ் ஜிபிஎஸ்ஸைப் பாத்துத்தான் போட்டு ஓட்டணும், ரெண்டும் ஒத்துப்போகுதான்னு கரையிலயே சரிபாத்துருங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், போட்டு கரையில நிக்குற அந்த 61 நாள்ல அப்பாவையும் பக்கத்துல உக்கார வச்சு இந்த வேலையைச் செய்யுங்க.

கேள்வி: காக்கா (எங்க ஊர்ல அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), கடையில இருக்கற சீரியல் பில் ப்ரிண்டர்ல ஹெச்சி-05 மாட்டிட்டேன், ஆண்ட்ராய்ட்ல ப்ரிண்ட் வருது. தம்பியோட ஐபோன்ல பேரே காட்டலை, ஏன்?
- ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: ஹெச்சி-05 பழைய ப்ளூடூத்துல சீரியல் போர்ட் ப்ரொஃபைல்ங்கற முறையில பேசுது. ஆப்பிள்கிட்ட தனி அனுமதி வாங்காத சாமானுக்கு ஐபோன் அந்த முறையைத் திறந்து விடாது, எவ்வளவு தேடினாலும் வராது. ஐபோன்தான் வேணும்னா பிஎல்இங்கற, கம்மி கரண்ட்ல ஓடுற புது வகை ப்ளூடூத் மாடியூல் இல்லாட்டி வைஃபை சீரியல் அடாப்டர் வாங்கணும், அதுக்கு ஏத்த ஆப்பும் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

கேள்வி: சாயல்குடி பக்கம் இறால் பண்ணை. குட்டைக்கரையில ஒரு மீட்டர் சீரியல்ல ரீடிங் குடுக்குது, ஷெட் 300 மீட்டர் தள்ளி இருக்கு. ப்ளூடூத் போதுமா?
- ஒரு வாசகர்

பதில்: போதாது. க்ளாஸ் 1 கூட நல்ல நெலமையில 100 மீட்டர்தான். ரீடிங் சில நிமிஷத்துக்கு ஒருதடவை வந்தா போதும்னா 865ல இருந்து 867 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற லோராங்கற, ரொம்ப தூரம் போற ரேடியோ சீரியல் மாடியூல் ஜோடி வாங்குங்க, அந்த அலைவரிசைக்கு நம்ம நாட்டுல லைசென்ஸ் வேணாம், ஆன்டெனா ரெண்டும் ஒன்னை ஒன்னு பாக்குற ஒசரத்துல இருக்கணும். மண்ணுல குழாய் பதிக்க வசதி இருந்தா ஆர்எஸ்-485ங்கற தூரத்து சீரியல் முறைக்கு மாத்துற கன்வெர்ட்டர் ரெண்டு போட்டு வயர்லயே கொண்டு போங்க, 1200 மீட்டர் வரைக்கும் போகும், இடி மின்னல் காலத்துக்கு ரெண்டு முனையிலயும் சர்ஜ் ப்ரொடெக்டர் வச்சிருங்க.