ஆசனவாய்ப் பக்கம் கட்டி உடைந்து உடைந்து திரும்ப வருகிறது. பவுத்திரமா? ஆபரேஷன் இல்லாமல் தீருமா?

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் பெரும்பாலும் பவுத்திரம்தான். எனக்கும் இப்படித்தான் தொடங்கியது.

நான் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவன். முதல் கட்டி வந்தபோது, "சூட்டுக்கட்டி மக்கா, வெந்தயம் அரைச்சுப் போடு" என்றாள் அம்மை. நாலாம் நாள் உடைந்தது, வலி போனது, மறந்துவிட்டேன். ஒன்றரை மாதத்தில் அதே இடம். பிறகு கட்டி இல்லை, உளுந்தளவு துளையும் ஓயாத ஈரமும்தான். வேட்டியில் கறை தெரியுமோ என்று மச்சினன் கல்யாணத்தில் பந்தியில் உட்காரவே இல்லை. மூலம் என்று சொல்லி ஒரு இடத்தில் ஆறு மாதம் மருந்து தந்தார்கள். ஒரு தடவைகூட அவிழ்த்துப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனது கொதிக்கிறது.

ஆசனவாய்க்குள் சிறு சுரப்பிகள் உண்டு. ஒன்று அடைத்துச் சீழ் பிடித்தால், அது வழி தேடித் தோலுக்கு வரும். உள்ளே ஒரு வாய், வெளியே ஒரு வாய், நடுவில் சுரங்கம். இதுதான் பவுத்திரம். வெளிவாய் மூடினாலும் உள்வாய் மூடாது. அதனால் மாத்திரையாலும் களிம்பாலும் முழுதாகத் தீர்வது அபூர்வம்.

நாகர்கோவிலில் பார்த்த சர்ஜன் விரலால் தடவி, என் விரலையும் அங்கே வைத்துக் காட்டினார். தோலுக்கடியில் ஈர்க்கில் கனத்துக்கு விறைப்பாக ஒரு கோடு. அடுத்து எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். மலத்தை அடக்கும் தசையைச் சுரங்கம் எவ்வளவு கடக்கிறது என்பது அதில் தெரியும். கொஞ்சமாகக் கடந்தால் சுரங்கத்தைத் திறந்துவிட்டாலே ஆறிவிடும். அதிகம் கடந்திருந்து, அதையும் அப்படியே வெட்டினால் மலம் அடங்காமல் போகலாம். எனக்கு இரண்டாவது வகை. சீழ் வடிய முதலில் தளர்வாக ஒரு நூல் கட்டினார். மூன்று மாதம் கழித்து, தசைகளுக்கு நடுவே சுரங்கத்தைக் கட்டித் துண்டிக்கும் லிஃப்ட் ஆபரேஷன். அதிலும் சிலருக்குத் திரும்ப வரும் என்று முன்கூட்டியே சொன்னார். எனக்கு இதுவரை வரவில்லை.

நாகர்கோவில் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருப்பதால் காரநூல் என்ற ஆயுர்வேத முறை பற்றியும் கேட்பீர்கள். கள்ளிப்பால், நாயுருவிக் காரம், மஞ்சள் பூசிய நூலைச் சுரங்கத்தில் கோத்து, வாராவாரம் மாற்றுவார்கள். பைய அறுத்துக்கொண்டே ஆற்றும். நல்ல முறைதான். ஆனால் படித்துப் பழகிய கை வேண்டும். பெயர்ப்பலகையை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் சர்க்கரை பாருங்கள். எடுக்கிற சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். காசநோயும், குரோன்ஸ் என்ற குடல் அழற்சியும் இதே வேடத்தில் வரும்.

இப்போது கட்டி சிவந்து வீங்கி, காய்ச்சலும் இருந்தால் எம்ஆர்ஐ வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போங்கள். முதலில் சீழை வெளியே எடுக்கணும்.